ஆள் பொறுக்காத நிறுவல்

புதிதாகக் கணிதம் படிப்பிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவருடைய நிறுவலில் ஓட்டை கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிவப்புப் பேனா வைத்திருக்கிற யாரும் செய்யலாம். கண்டுபிடித்த பிறகு அதை அவரிடம் எப்போது, எங்கே வைத்து, எந்த வார்த்தையில் சொல்கிறோம் என்பதுதான் நம்முடைய வேலை. அதை எந்தப் பாடத்திட்டத்திலும் போடமாட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை காத்திருந்தும் போடவில்லை.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பேராசிரியர். பெயர் வேண்டாம். பெயரை எடுத்தால் முகம் சுளிக்கிற மனிதர் அவர். கரும்பலகையில் யார் எந்தக் கூத்தை எழுதினாலும் “பிழை” என்று சொல்லமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத் தமிழில் மெதுவாக, “ஒரு சின்ன உதாரணம் காட்டும், பாப்பம்” என்பார். உதாரணத்தை எழுதப் போனால் பாதியிலேயே நமக்கு விளங்கிவிடும். நாமே அழித்துவிட்டு வந்து உட்காருவோம். வகுப்பில் ஒருவர் முகமும் வாடாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் மேல்வகுப்புக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்தவர் தங்கவேல் மாஸ்டர். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அதே பேராசிரியரிடம் படித்துவிட்டு வந்தவர் என்பதால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் அரசியல் பேசும்போது நாங்கள் மேசை விரிப்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்போம். இரண்டும் கழன்ற கேஸ் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

தங்கவேல் மாஸ்டரின் வீட்டு நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது மனைவியையும், சின்னப் பையனாக இருந்த இவரையும் அதில் சேர்த்திருந்தார். மூன்று பேருக்கும் கிடைத்தது. அண்ணன் அப்போதே வயது வந்தவர், தனியாகப் போட வேண்டியிருந்தது. தள்ளிவிட்டார்கள். ஒரே அப்பாவிடமிருந்து தம்பிக்கு வந்த நாடு அண்ணனுக்கு வரவில்லை. அண்ணன் பிறகு இந்தியப் பாஸ்போட் எடுத்தார். நான் சொல்லும் வருஷத்தில் அவருடைய விசா முடியப்போகிறது. பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போயே ஆக வேண்டும். அப்பா அப்போது இல்லை. அவர்கள் இருந்த லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அண்ணன் பெயரில் இருந்தது. அவர் போனால் அதைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும். அம்மா எங்கே இருப்பது? தங்கவேல் மாஸ்டரோ ஹட்டன் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலே இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர் வேலை ஒன்று வந்தது. வேலையோடு ஒரு சின்ன வீடும் உண்டு. “வீடு கெடைச்சா நான் ஒங்கூட இருந்துக்கிறேன்” என்று அம்மா சொல்லியிருந்தார். தெரிவுக் குழுவின் முன்னால் ஒரு விரிவுரை செய்து காட்ட வேண்டும். எங்கள் பேராசிரியரும் அந்தக் குழுவில் இருந்தார். தங்கவேல் மாஸ்டர் சாப்பாட்டைக்கூட மறந்து அந்த விரிவுரையையே கட்டிக்கொண்டு அழுதார்.

அவர் எடுத்த தலைப்பு இடவியல் கூட்டங்கள். கூட்டம் என்று அப்போது நாங்கள் சொன்னதை நீங்கள் குலம் என்று படித்திருப்பீர்கள். ஒரு பெரிய கூட்டம், அதற்குள் ஒரு உட்கூட்டம். அந்த உட்கூட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தால் அதன் நகல்களே முழுக் கூட்டத்தையும் நிரப்பிவிடும். ஒவ்வொரு நகலையும் ஒரு புள்ளியாகச் சுருக்கிப் பார்த்தால் கிடைப்பது ஈவு வெளி. கேள்வி இதுதான்: உட்கூட்டத்துக்கும் ஈவு வெளிக்கும் ஒரு குணம் இருந்தால், அது முழுக் கூட்டத்துக்கும் வந்து சேருமா? அவர் எடுத்த குணம் இணைந்திருப்பது. அதாவது, இரண்டு துண்டாகப் பிரிக்க முடியாமல் ஒன்றாக இருப்பது. உள்ளேயும் பிரியாது, நகல்களுக்கு இடையிலும் பிரியாது என்றால் முழுக் கூட்டமும் பிரியாது என்பது தேற்றம். தேற்றம் சரியானது, அதில் சந்தேகமில்லை.

விரிவுரைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, “ஒருக்கா கேட்டுப் பாத்துச் சொல்லுங்க டீச்சர்” என்று கூப்பிட்டார். அண்ணன் வீட்டில் சாமான் கட்டத் தொடங்கியிருந்ததால் அவர் தோட்டத்தில்தான் இருந்தார். நான் காலையில் மஸ்கெலியா பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கி, மலையேறிப் போனேன். தோட்டத்துப் பாடசாலை பூட்டாமல் கிடந்தது. ஒரே அறை, ஒரே கரும்பலகை. அவருடைய அம்மா ஒரு போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா அவ்வளவு அழகாக உட்கார்ந்து கேட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்து, மகன் எழுதுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா, அந்த வேல குடுக்குற வீட்டுல வெறகு அடுப்பு போட எடம் இருக்குமா?” என்று இடையில் என்னிடம் கேட்டார்.

“பின்பக்கம் எடம் இருக்கும் அம்மா.”

“அது போதும். எண்ணெ அடுப்புச் சோறு எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காது.”

மாஸ்டர் நன்றாகத்தான் தொடங்கினார். பாதிக்கு மேல் வந்தபோது, “இப்ப ஒவ்வொரு நகல்லருந்தும் ஒரு ஆளப் பொறுக்கிக்கிறோம்” என்றார். “அவருதான் அந்த நகலுக்குக் கங்காணி. ஒரு நகலுக்குள்ள யாரும் அவுங்க கங்காணிக்கிட்ட வந்துறலாம், உட்கூட்டம் பிரியாததால. கங்காணிக்குக் கங்காணி வந்துறலாம், ஈவு வெளி பிரியாததால. ஆக எங்கருந்தும் எங்கயும் வந்துறலாம். முடிஞ்சிருச்சு.” சாக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். அம்மாவும் சேர்ந்து தட்டினார்.

ஓட்டை அங்கேதான் இருந்தது. நகல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, சரி. அவற்றிலிருந்து பொறுக்கிய ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள் என்று யார் சொன்னது? நீங்கள் யாரும் அந்த இடத்தில் தடுக்கியிருக்கமாட்டீர்கள். அவர் தடுக்கியதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை கங்காணியைத்தான் பார்ப்பார். அந்தக் கங்காணி வாய் திறந்தால் அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் பேசியதாகக் கணக்கு. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, ஒரு கூட்டம் என்றால் அதற்கு முன்னால் ஒரு ஆள் நிற்பது இயல்பு. அந்த ஆட்கள் வரிசையாக நிற்பதும் இயல்பு.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், குழுவில் உள்ளவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அம்மா கை தட்டிக்கொண்டிருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நல்லா இருக்கு மாஸ்டர். ஸ்டோர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோமா?” என்றேன்.

அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை மலை உச்சியில் இருந்தது. ரோட்டு மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். கீழ் வளைவில் கோயில். நாங்கள் கோயில் வாசலில் தொடங்கினோம்.

“மாஸ்டர், மலைய நடுவுல வச்சுக்குங்க. எந்தத் திசையப் பாத்தாலும் ரோட்டு தெரியும், கீழயும் தெரியும், மேலயும் தெரியும். ஒரு திசையில தெரியிற எடமெல்லாம் சேந்து ஒரு நகல். ஒவ்வொரு திசைக்கும் ஒரு எடத்த நீங்க பொறுக்கணும். தாவாமப் பொறுக்கணும். கோயில் பக்கம் எதப் பொறுக்குறீங்க?”

“நாம நிக்கிற எடத்த.”

“சரி, நடங்க.”

பேசிக்கொண்டே நடந்தோம். ஆற்றுப் பக்கம் வந்தது, நின்ற இடத்தையே பொறுக்கினார். அடுத்த திசையிலும் அப்படியே. ஒரு சுற்று முடிந்து மறுபடி கோயில் திசைக்கு வந்தோம். கோயில் கூரை எங்கள் காலடிக்குக் கீழே தெரிந்தது.

“இப்ப கோயில் பக்கம் எந்த எடம் மாஸ்டர்?”

“மொதல்ல சொன்னதுதான்…” என்று கீழே கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் கீழ் ரோட்டைப் பார்த்தார், தன் காலடியைப் பார்த்தார். பிறகு ரோட்டோர மதகுக் கட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

“தாவாம முடியாது,” என்றார். கீழ் ரோட்டைக் காட்டி, “ஆனா டீச்சர், இதுல மேல ரோட்டும் கீழ ரோட்டும் தனித்தனியா கெடக்கு. என்னோட உட்கூட்டம் பிரியாததாச்சே” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அப்படிப்பட்ட உட்கூட்டத்துக்கும் பொறுக்க முடியாத உதாரணங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை மதகில் வைத்துக் காட்ட முடியாது. “பொறுக்கும்போது நீங்க அந்தக் குணத்தத் தொடவே இல்லையே மாஸ்டர்” என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். “நான் போகல டீச்சர். நாளக்கழிச்சு அவுங்க முன்னால போயி நின்னு… அம்மாக்கிட்ட என்ன சொல்லுவேன்?”

அந்த நிமிஷத்தில் சரியான நிறுவலை நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பார், முதல் குறுக்குக் கேள்வியில் விழுந்திருப்பார். அதனால் ஒன்று மட்டும் கேட்டேன். “கங்காணி இல்லாம முடியாதா மாஸ்டர்?”

நான் ஒரு தேயிலைக் கிளையைப் பிய்த்து இலையை எண்ணாமல் உதிர்த்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று உங்களுக்கு ஒரு நாள் தெரியவரும். கீழே லயம் தெரிந்தது. அண்ணன் வீட்டு வாசலில் பாய், சட்டி, பெட்டி எல்லாம் வெயிலில் கிடந்தன. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு கிழித்தார்.

“முழுக் கூட்டத்தையும் ரெண்டா வெட்டுறேன்னு வச்சுக்குவோம்,” என்று மெதுவாகச் சொன்னார். “ஒரு நகல் ரெண்டு பக்கமும் கெடக்க முடியாது. கெடந்தா அந்த நகலே பிரிஞ்சிருச்சுன்னு ஆகும். அதுதான் பிரியாதே. அப்ப ஒவ்வொரு நகலும் முழுசா இந்தப் பக்கம், இல்லாட்டி முழுசா அந்தப் பக்கம்.”

“ம்.”

“அப்ப வெட்டு நகலுக்கும் நகலுக்கும் நடுவுலதான் போகுது. ஈவு வெளியத்தான் வெட்டுது. அதுவும் பிரியாதே! அப்ப வெட்டவே முடியாது.” எழுந்து நின்றுவிட்டார். “யாரையும் பொறுக்கல டீச்சர்! ஒருத்தரையும் பொறுக்கல!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேர் எழுதிவைத்த நிறுவல்தான். இருந்தாலும் அது ஒருவர் முகத்தில் உதிக்கிறதைப் பார்ப்பதற்காகத்தான் நாம் இந்தத் தொழிலுக்கு வந்தோம்.

விரிவுரை எப்படி நடந்தது என்று பேராசிரியரே பிறகு எனக்குச் சொன்னார். “நல்லாச் செய்தவர். கடைசியிலை நான் ஒண்டு கேட்டன், எல்லாக் குணமும் உப்பிடி வந்து சேருமோ எண்டு. இல்லை சேர் எண்டார்.” தங்கவேல் மாஸ்டர் சொன்ன பதில் இது: ஒரு வாங்கில் மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து, கடைசிப் பிள்ளை முதல் இடத்துக்கு வரும்படி எல்லாரையும் ஒரு இடம் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தால், எந்தத் தள்ளலை முதலில் செய்தாலும் முடிவு ஒன்றுதான். அது உட்கூட்டம். ஈவிலும் முன்பின் பேதம் இல்லை. ஆனால் எல்லா இடமாற்றங்களும் சேர்ந்த முழுக் கூட்டத்தில், ஒரு இடம் தள்ளிவிட்டு ஓரத்துப் பிள்ளைகள் இருவரை மாற்றுவதும், மாற்றிவிட்டுத் தள்ளுவதும் வேறு வேறு. உள்ளேயும் மேலேயும் இல்லாத பேதம் மொத்தத்தில் வந்துவிடுகிறது. எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது. அவர் தோட்டத்துக்கு ஓடினார். மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது பேயறைந்தவர் போல இருந்தார்.

“அம்மா அண்ணங்கூட போறாங்களாம் டீச்சர். வீடு கெடைச்சா இருக்கேன்னு அவுங்கதான சொன்னாங்க?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வார இறுதியில் மஸ்கெலியாவுக்கு மறுபடி பஸ் ஏறினேன். இது நம் வேலைக்குள் வருகிற விஷயமா என்று கேட்பீர்கள். வராதுதான். மூக்கை நுழைத்தேன்.

அம்மா லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, “திட்டத்தான் வந்திருக்கீங்க, உக்காருங்க” என்றார்.

“நீங்களே இருக்கேன்னு சொன்னீங்களே அம்மா. அவரு அந்த வீட்டுக்காக எப்படிக் கஷ்டப்பட்டாருன்னு நீங்க பாத்தீங்க.”

“சொன்னேந்தான். ரெண்டு பேத்துல ஒருத்தனப் பொறுக்குன்னா எப்புடிம்மா பொறுக்குறது? மருமக முழுகாம இருக்கா. அந்த ஊருல அவளுக்கு யாரு இருக்கா? ஒரு மனுச மக்களத் தெரியாது.” சுளகைக் கீழே வைத்தார். “கூடப் போயி பேறுகாலம் பாத்து, புள்ள தவழுற வரைக்கும் இருந்துட்டு, திரும்பி வந்துருவேன். சின்னவன் எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட்டுல்ல எடுத்துக் குடுத்திருக்கான், போகவும் வரவும்.”

“இத அவருகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். நம்பமாட்டேங்குறான். போனவுங்கள்ல யாரு திரும்பி வந்திருக்கா, அவன் நம்புறதுக்கு?”

நானும் நம்பவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேறிப் போனவர்கள் கை அசைத்ததைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் மாஸ்டரிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை வழியனுப்பிவிட்டு அவர் தூணோடு சாய்ந்து நின்றபோது, “நீங்கதான சேர்கிட்ட சொன்னீங்க, எத மொதல்ல செய்யுறோங்கறது முக்கியம்னு?” என்றேன். “மொதல்ல இங்க இருந்துட்டா, பெறகு அங்க அந்தப் பொண்ணு தனியா பிள்ள பெத்திருக்கும். மொதல்ல அங்க போனா, பெறகு இங்க வரலாம். அம்மா சரியான வரிசையத்தான் எடுத்திருக்காங்க மாஸ்டர்.”

அவர் தலையாட்டினார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஆட்டினார் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு நிறுவல் “ஒருவரைப் பொறுக்கு” என்று கேட்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொறுக்காமல் முடியுமா என்று பாருங்கள். மாணவர் தவறும் இடத்திலும் நில்லுங்கள். அவரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஹட்டன் ஸ்டேஷனில் மாஸ்டரிடம் நான் சொன்னது மட்டும் ஆறுதலுக்காகச் சொன்ன சொல். அது மெய்யாகும் என்று நானே நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்த பிறகு மாஸ்டரிடமிருந்து எனக்குத் தந்தி வந்தது. கண்டி ஸ்டேஷனில் நானும் மாஸ்டரும் நின்றோம். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு மூட்டையை முதலில் இறக்கிவிட்டு, அதன் பின்னால் அம்மா இறங்கினார். மெலிந்து கறுத்திருந்தார். மாஸ்டர் பக்கத்தில் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

“ஆம்பளப் புள்ள. தவழ ஆரம்பிச்சிருச்சு” என்றார் அம்மா. பிறகு மகனை மேலும் கீழும் பார்த்தார். “அடுப்பு போட்டியா?”

போட்டிருந்தார். அம்மா ரயிலேறிப் போன வாரமே வீட்டுக்குப் பின்னால் கல்லடுக்கி, மண் பூசி, மேலே தகரம் போட்டிருந்தார். பக்கத்தில் விறகு வெட்டி அடுக்கியிருந்தார். நான் அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் எண்ணெய் அடுப்பில்தான் அவர் தேத்தண்ணி வைத்துத் தந்தார். அன்றைக்கு அம்மா குனிந்து பார்த்தபோது அந்த அடுப்பில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை.